போலீசா, ஆம்புலன்ஸா, நம் ஆளா: மனநல நெருக்கடிக் குழுவுக்கு பினாங்கு மாநகர் மன்றத்திடம் எதைக் கேட்பது?

மனநல நெருக்கடியில் வீடு தேடி வருகிற ஒரு குழு பினாங்குக்கு வேண்டும் என்பதில் எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படிப்பட்ட குழு, யாரிடம் கேட்பது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. போலீசாரோடு ஒரு தாதியை அனுப்பச் சொல்லலாம் என்கிறார் ஒருவர். அதற்கு ஆம்புலன்ஸ்தான் சரி என்கிறார் இன்னொருவர். முதலில் நமக்குப் பயிற்சி கொடுக்கட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்பவர்களும் உண்டு. மாநகர் மன்றமே சொந்தமாக ஒரு குழுவை நடத்த வேண்டும் என்பது நாலாவது கட்சி. நான் அந்த நாலாவது கட்சி, சில திருத்தங்களோடு. கடிதம் எழுதுவதற்கு முன் நான்கையும் எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. தவறானதைக் கேட்டுவிட்டால், "அது எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்ற ஒரு வரிப் பதிலோடு கோப்பு மூடப்பட்டுவிடும்.

இப்போது என்ன இருக்கிறது?

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வயது மகன் மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது. அறையைப் பூட்டிக்கொண்டு யாரோடோ பேசுகிறான், சாப்பிடுவதில்லை. கையில் கத்தி இல்லை, யாரையும் அடிக்கவில்லை. மணி இரவு பத்து. அம்மா யாரை அழைப்பார்?

999-ஐ அழைத்தால் அந்த அழைப்பு போலீஸ், தீயணைப்பு மீட்புப் படை, சுகாதார அமைச்சு, பொதுத் தற்காப்புப் படை, கடல்சார் அமலாக்க நிறுவனம் ஆகிய ஐந்தில் ஒன்றுக்கு மாற்றிவிடப்படும். ஐந்தில் எதுவும் இந்த மாதிரி இரவுக்காக அமைக்கப்பட்டதில்லை. "வர மாட்டேன்" என்று அடம்பிடிப்பவரை ஆம்புலன்ஸ் ஊழியர்கள் மட்டும் அழைத்துப்போவது கடினம் என்பதால், கடைசியில் போலீஸ் வாகனம்தான் வாசலில் நிற்கும். தொலைபேசி உதவி இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சுகாதார அமைச்சு 2022 அக்டோபரில் தொடங்கிய 15555 ஹீல் எண், கோலாலம்பூரிலிருந்து 24 மணி நேரமும் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ், தாலியான் காசேயின் 15999, இவையெல்லாம் பல உயிர்களைத் தாங்கிப் பிடிப்பவை. ஆனால் தொலைபேசியை எடுக்கவே மறுக்கிற மகனுக்கு அவை எட்டாது. அந்தக் கதவைத் தட்டி, உட்கார்ந்து, அரை மணி நேரம் பொறுமையாகப் பேச ஆள் வேண்டும்.

சட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரைப் போலீசாரோ சமூகநல அதிகாரியோ பிடித்து, 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். 2023-இல் நாடாளுமன்றம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை நீக்கியபோது, மனநலச் சட்டத்தையும் சேர்த்தே திருத்தியது. அந்தத் திருத்தம் 'நெருக்கடித் தலையீட்டு அதிகாரி' என்ற பிரிவை உண்டாக்கி, தீயணைப்பு, பொதுத் தற்காப்பு, கடல்சார் அமலாக்க அதிகாரிகளையும் அதில் சேர்த்தது. மனநல நெருக்கடி போலீஸ் மட்டும் பார்க்கிற வேலை இல்லை என்பதை நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். நம் கடிதத்தின் முதல் பத்தியில் இது வர வேண்டும்.

நம் வீடுகளுக்கு இது ஏன் இன்னும் அவசரம் என்பதையும் வெளிப்படையாக எழுத வேண்டும். தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் 2009 அறிக்கையில், நாட்டின் பெரிய இனங்களுக்குள் இந்தியர்களின் விகிதம்தான் உயர்ந்திருந்தது. மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய 7 விழுக்காடுதான். அப்படியிருந்தும் உதவி கேட்கத் தயங்குகிறோம். "பேய் பிடிச்சிருக்கு", "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க" என்ற பேச்சு ஒரு பக்கம். 1911-இல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லியே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை மிரட்டியிருக்கிறோம். போலீஸ் பயம் இன்னொரு பக்கம். அந்தப் பயம் காற்றில் முளைத்ததில்லை. 2009-இல் தடுப்புக்காவலில் இறந்த குகனின் வழக்கில், 2013-இல் உயர் நீதிமன்றம் போலீசாரைப் பொறுப்பாளியாக்கியதை நம் வீடுகள் மறக்கவில்லை. போலீஸ் வரும் என்று தெரிந்தால் அழைக்கவே மாட்டோம் என்று எத்தனையோ அம்மாக்கள் சொல்வார்கள்.

போலீசாரோடு ஒரு மனநலப் பணியாளர்

கனடாவின் வான்கூவரில் போலீஸ்காரரும் மனநலத் தாதியும் ஒரே காரில் போகிற ஏற்பாடு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பிரிட்டனிலும் பல ஊர்களில் இதுபோன்ற குழுக்கள் இயங்கின. ஆயுதம் இருக்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. சட்ட அதிகாரமும் கூடவே வந்துவிடுகிறது.

ஆனால் நம் கடிதத்துக்கு இது பொருந்தாது. போலீஸ் முழுக்க மத்திய அரசின் கையில் இருக்கிறது. மாநகர் மன்றம் ஒரு கான்ஸ்டபிளைக்கூட எங்கும் அனுப்ப முடியாது. சீருடை பார்த்ததும் இன்னும் உள்ளே ஒடுங்குகிற மனிதருக்கு, கூடவே ஒரு தாதி வந்திருப்பது கண்ணில் படாது. பிரிட்டனிலேயே போலீசார் இதிலிருந்து விலகப் பார்க்கிறார்கள். ஹம்பர்சைடு போலீசார் 2020-இல் தொடங்கி, 2023-இல் நாடளாவிய கொள்கையாக மாறிய ஏற்பாட்டின் சாரம், மனநல அழைப்புக்குப் பொருத்தமான ஆள் போக வேண்டும், அது எப்போதும் போலீசாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான். பினாங்கு போலீசாரிடம் பேசும்போது இதைச் சொல்லலாம். அவர்களின் வேலையைக் குறைக்கிற யோசனையோடு போகிறோம், அவர்களைக் குறைசொல்ல அல்ல.

ஆம்புலன்ஸ் வழி

ஸ்டாக்ஹோமில் 2015 முதல் ஒரு மனநல ஆம்புலன்ஸ் ஓடுகிறது. இரண்டு மனநலச் சிறப்புத் தாதிகளும் ஒரு ஆம்புலன்ஸ் ஊழியரும் அதில் இருப்பார்கள். படுக்கைக்குப் பதிலாக உட்கார்ந்து பேசத் தோதான இருக்கைகள். மருத்துவத் தரம் என்று பார்த்தால், நான்கு வழிகளில் இதுதான் முதலிடம் என்று ஒப்புக்கொள்கிறேன். மருந்து தெரிந்தவர்கள் வருகிறார்கள், மருத்துவமனையோடு நேரடித் தொடர்பு இருக்கிறது, அடுத்த நாள் யார் பார்ப்பார் என்ற கேள்வி எழுவதில்லை.

இங்கே சிக்கல் அரசியலமைப்பில் இருக்கிறது. ஒன்பதாவது அட்டவணைப்படி மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் மத்திய அரசின் பட்டியலில் உள்ளவை. சுகாதார அமைச்சின் மெந்தாரி சமூக மனநல மையங்கள் நல்ல வேலை செய்கின்றன, ஆனால் அவற்றை இரவில் வீடு தேடி அனுப்பும் முடிவு புத்ராஜெயாவில்தான் எடுக்கப்படும். நாம் அங்கேயும் எழுதலாம், எழுதவும் வேண்டும். அதற்காக மாநகர் மன்றத்துக்கான கடிதத்தை நிறுத்திவைத்தால் எத்தனை ஆண்டு காத்திருப்பது?

பயிற்சி என்னும் எளிய சம்மதம்

இதில்தான் எனக்கு மிகுந்த கவலை. ருக்குன் தெத்தாங்கா என்னும் அக்கம்பக்கக் காவல் குழு ஆட்கள், கோயில் நிர்வாகத்தினர், அடுக்குமாடிக் காவலாளிகள், மாநகர் மன்ற அமலாக்க அதிகாரிகள் எல்லாருக்கும் மனநல முதலுதவிப் பயிற்சி கொடுங்கள் என்று கேட்டால், மன்றம் உடனே தலையாட்டும். ஒரு மண்டபம், ஒரு பேச்சாளர், சான்றிதழ், மதிய உணவு, படம். செலவு அதிகமில்லை, யாருக்கும் கோபமில்லை. அதோடு முடிந்துவிடும் அபாயம் பெரியது.

பயிற்சி வீண் என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1988-இல் தொடங்கிய, போலீசாருக்கான 40 மணி நேரப் பயிற்சி உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதை முடித்த அதிகாரிகளின் அறிவும் மனப்போக்கும் மாறுவதற்குச் சான்று உண்டு. காயமும் கைதும் குறைந்தனவா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே குரலில் பதில் சொல்வதில்லை. அங்கே பயிற்சி பெற்றவருக்குப் பின்னால் ஒரு துறை, ஒரு வாக்கி-டாக்கி, ஒரு மருத்துவமனைக் கதவு இருந்தது. நம் ருக்குன் தெத்தாங்கா அண்ணனுக்கு இரவு பதினோரு மணிக்கு யார் இருக்கிறார்கள்? பயிற்சி பெற்ற அண்டைவீட்டார் யாரை அழைப்பது என்று தெரிந்தவராக இருந்தால்தான் அந்தப் பயிற்சிக்குப் பயன். ஆகவே இது குழுவோடு சேர்ந்து வரட்டும், குழுவுக்குப் பதிலாக வேண்டாம்.

மாநகர் மன்றத்தின் சொந்தக் குழு

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து யூஜின் நகரில் 1989-இல் தொடங்கிய கஹூட்ஸ் என்ற குழுவைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். ஒரு மருத்துவ உதவியாளர், ஒரு நெருக்கடிப் பணியாளர், ஒரு வேன். ஆயுதமும் சீருடையும் கிடையாது. அவசர அழைப்பு மையமே அவர்களை அனுப்பும். ஒயிட் பேர்ட் என்ற சமூகக் கிளினிக் நடத்தியது, நகராட்சி பணம் கொடுத்தது. முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேல் ஓடிய அந்தச் சேவை, பணப் பற்றாக்குறையால் 2025 ஏப்ரலில் யூஜினில் நின்றுபோனது. எங்கள் கூட்டத்தில் சிலர் இதைக் காட்டி, "பார்த்தீர்களா, அங்கேயே நிலைக்கவில்லை" என்கிறார்கள். எனக்கு அது வேறு பாடமாகத் தெரிகிறது. ஒரே நிறுவனம், ஒரே ஒப்பந்தம் என்று கட்டினால் அந்த ஒரு நூல் அறுந்ததும் எல்லாம் விழும்.

இன்னொரு பாடமும் அங்கே உண்டு. 2019-இல் நகரத்தின் அழைப்புகளில் ஏறக்குறைய 17 விழுக்காட்டைத் தாங்கள் ஏற்றதாகக் குழு சொன்னது. போலீசாரின் கணக்கில், தங்கள் வேலையிலிருந்து உண்மையில் விலகியது 5 முதல் 8 விழுக்காடுதான். இரண்டு தரப்பும் வேறு வேறு விஷயத்தை எண்ணியதால் வந்த இடைவெளி அது. எதை எண்ணுவது, யார் எண்ணுவது என்பதை முதல் நாளே எழுதி வைக்காவிட்டால், வரவு செலவுத் திட்ட நேரத்தில் நாமும் இந்தச் சண்டையில்தான் நிற்போம். பக்கத்திலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது. கணக்கு எடுக்கும் பொறுப்பை மன்றத்துக்கும் குழுவுக்கும் வெளியே கொடுக்கச் சொல்லலாம்.

எனக்கு டென்வர்தான் அதிகம் பிடித்த உதாரணம். 2020 கணக்கெடுப்பில் டென்வரின் மக்கள்தொகை ஏழு லட்சத்துக்குச் சற்று மேல். பினாங்குத் தீவில் ஏறக்குறைய எட்டு லட்சம். அளவில் நமக்குப் பக்கம். அங்கே ஸ்டார் என்ற குழு 2020 ஜூனில் ஒரே ஒரு வேனோடு, நகரின் மையப்பகுதியில் மட்டும், வார நாட்களில் பகல் பத்து முதல் மாலை ஆறு வரை என்று தொடங்கியது. முதல் ஆறு மாதத்தில் 748 அழைப்புகள், ஒரு கைதும் இல்லை. 2022-இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு, அந்தக் குழு போன பகுதிகளில் சிறு குற்றப் புகார்கள் 34 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிட்டது. பணம் எங்கிருந்து வந்தது என்றால், 2018-இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட, மனநலத்துக்கென்றே ஒதுக்கிய விற்பனை வரியிலிருந்து. நம் மன்றங்களுக்கு விற்பனை வரி போடும் அதிகாரம் இல்லை. மதிப்பீட்டு வரிதான் முக்கிய வருமானம். அதனால் பணத்தை ஒரே இடத்தில் தேட முடியாது.

அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்விக்கு வருவோம். இருக்கிறது, ஆனால் பாதி. அதே ஒன்பதாவது அட்டவணையில் சமூகநலமும் பொதுச் சுகாதாரமும் மத்திய அரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்கிற பொதுப் பட்டியலில் இருக்கின்றன. ஊராட்சி மாநிலத்தின் பட்டியலில். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமும் பொதுப் பாதுகாப்பு, சுகாதாரம், வசதி ஆகியவற்றுக்குத் தேவையானதைச் செய்யும் அதிகாரத்தை மன்றங்களுக்குத் தருகிறது. ஆகவே ஆலோசகரையும் சமூகப் பணியாளரையும் அமர்த்தி, வீடு தேடி அனுப்புவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் அதிகாரம் மட்டும் மன்றத்து ஊழியருக்கு இல்லை. அது மேலே சொன்ன நெருக்கடித் தலையீட்டு அதிகாரிகளுக்கே உண்டு.

இதை நான் குறையாக நினைக்கவில்லை. கட்டாயப்படுத்த முடியாத ஆள்தான் பொறுமையாகப் பேசுவார். பேச்சு பலிக்காத இரவுகளுக்காக, சமூகநல இலாகா அதிகாரியோ பொதுத் தற்காப்புப் படை அதிகாரியோ அழைத்தால் வருவார் என்று எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். மருத்துவமனையின் மனநலப் பிரிவோடும் அதேபோல் ஒன்று வேண்டும். குழு அழைத்து வருகிறவரை யார் வாங்கிக்கொள்வார், அடுத்த வாரம் யார் போய்ப் பார்ப்பார் என்று அதில் தெளிவாக இருக்கட்டும். எங்கே போகக் கூடாது என்பதும் எழுத்தில் வேண்டும். ஆயுதம் இருந்தால், குடிபோதையில் மனைவியை அடிக்கிற வீடாக இருந்தால், அது போலீசாரின் வேலை. இந்தக் குழுவை அங்கே அனுப்பினால் முதல் மாதத்திலேயே யாருக்காவது காயம் படும், திட்டமும் அதோடு போகும்.

எத்தனை பேர் வேண்டும்?

24 மணி நேரச் சேவை கேட்பதா, மாலை நேரச் சேவை கேட்பதா என்பதில் எங்களுக்குள் நிறைய வாதம் நடந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் தானே வருகிறது. வாரத்தில் 168 மணி நேரம். 2023 முதல் வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் உச்ச வரம்பு. ஒரு நேரத்தில் இருவர் என்றால் குறைந்தது எட்டுப் பேர், விடுப்பும் நோயும் சேர்த்தால் பத்துப் பேர். மாலை நாலு மணி முதல் நள்ளிரவு வரை, ஏழு நாளும் என்றால் வாரத்துக்கு 56 மணி நேரம். நாலு பேர் போதும். பகலில் கிளினிக்குகளும் மெந்தாரி மையங்களும் திறந்திருக்கின்றன. அவை மூடிய பிறகுதான் நம் வீடுகள் தவிக்கின்றன.

அதனால் நான் கேட்கச் சொல்வது இது: நாலு பேர், ஒரு வேன், மாலை நேரம், ஜெலுத்தோங், சுங்கை பினாங்கு வட்டாரம் மட்டும், இரண்டு ஆண்டு. ஒவ்வொரு முறையும் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவுபெற்ற ஆலோசகர் ஒருவரும், மனநலப் பிரிவில் வேலை செய்த தாதியோ மருத்துவ உதவியாளரோ ஒருவரும் போக வேண்டும். நால்வரில் ஒருவராவது வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவராக இருக்க வேண்டும். நடுக்கத்தில் இருக்கிற மனிதர் தாய்மொழியில்தான் பேசுவார். மலாயில் கேட்கிற கேள்விக்கு அவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே காரணத்துக்காக ஹொக்கியன் பேசுகிறவரும் வேண்டும். இதைத் தமிழர்களின் கோரிக்கையாக மட்டும் கொண்டுபோனால் வலு குறையும். எட்டாவது மாடியில் தனியாக வாழும் சீனப் பாட்டிக்கும், வேலையிழந்து வீட்டுக்குள் முடங்கிவிட்ட மலாய் இளைஞனுக்கும் வேண்டியது இதே குழுதான். 2023 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருந்தது. அதில் எந்த இனமும் விடுபடவில்லை.

யாரிடம் கொடுப்பது?

கோலாலம்பூரில் இருக்கிற நண்பர்கள் இதே யோசனையை அங்கே முயலலாமா என்று கேட்கிறார்கள். முயலலாம், ஆனால் பாதை வேறு. அங்கே மாநகராட்சி மத்திய அரசின் கீழ், மேயர் நியமனம், நடுவில் மாநில அரசு கிடையாது. ஒரு மத்திய அமைச்சரைச் சம்மதிக்க வைத்தால் பணமும் அதிகாரமும் ஒரே இடத்தில் கிடைக்கலாம். அவர் மறுத்தால் தட்ட இன்னொரு கதவு இல்லை. பினாங்கில் கதவுகள் அதிகம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் கொஞ்சம் கொஞ்சம்தான் பணம்.

நம் கவுன்சிலர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல. 1965-இல் நிறுத்திவைக்கப்பட்ட ஊராட்சித் தேர்தல் திரும்ப வரவேயில்லை. மாநில அரசு நியமிக்கிறவர்கள்தான் மன்றத்தில் உட்காருகிறார்கள். அதனால் கவுன்சிலருக்கு மட்டும் கடிதம் கொடுப்பது பாதி வேலை. அவருக்கு ஒன்று, சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று, சமூகநலப் பொறுப்பு வகிக்கிற ஆட்சிக்குழு உறுப்பினருக்கு ஒன்று. மூன்றிலும் ஒரே பரப்பு, ஒரே நேரம், ஒரே ஆள் எண்ணிக்கை. வேனும் இரண்டு பேர் சம்பளமும் மன்றத்தின் பங்கு, மற்ற இருவர் மாநிலத்தின் பங்கு என்று பிரித்துக் கேட்டால், ஒரு பக்கம் கையை விரித்தாலும் மறுபக்கம் நிற்கும். யூஜினுக்கு நேர்ந்தது நமக்கு நேராமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

"மக்கள் சொல்லி மன்றம் எப்போது செலவு செய்திருக்கிறது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். செய்திருக்கிறது. 2012-இல் தொடங்கிய பாலினப் பொறுப்புள்ள பங்கேற்பு வரவு செலவுத் திட்டத்தில், ஜாலான் சுங்கை அடுக்குமாடிக் குடியிருப்பாளர்களே தங்கள் இடத்துக்கு எது முதலில் வேண்டும் என்று வாக்களித்தார்கள். பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் மன்றமும் சேர்ந்து செய்த வேலை அது. அதே முறையில் நம் பகுதியிலும் கேட்கச் சொல்லலாம். மக்கள் வாக்கோடு வருகிற கோரிக்கையை மறுப்பது கடினம்.

மன்றத்தின் கூட்டங்கள், வேறு தீர்மானம் இல்லாதவரை, பொதுமக்களுக்குத் திறந்தவை என்று ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. இருபது பேர் போய் அமைதியாக உட்கார்ந்திருந்தாலே கவுன்சிலர்கள் கவனிப்பார்கள். அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் ஆண்டின் பிற்பாதியில் உருவாவதால், கடிதம் அதற்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். தீபாவளி வாழ்த்தோடு சேர்த்துக் கொடுத்தால் ஒரு வருடம் போய்விடும்.

மன்றம் பெரும்பாலும் ஒரு மாற்று யோசனையோடு திரும்பி வரும்: முதலில் பயிற்சி, ஒரு விழிப்புணர்வு வாரம், ஒரு கையேடு. அப்போது என்ன சொல்வது என்பதை இப்போதே நமக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டும். பயிற்சியை ஏற்றுக்கொள்வோம், ஆனால் குழு தொடங்கும் தேதி அதே தீர்மானத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். பரப்பைக் குறைக்கச் சொன்னால் சரி, ஒரு அடுக்குமாடித் தொகுதியோடுகூடத் தொடங்கலாம். நேரத்தைக் குறைக்கச் சொன்னால் ஏழு நாளை ஐந்தாக்கலாம், ஆனால் மாலை நேரம் மாறக் கூடாது. ஒருவரை மட்டும் தனியாக அனுப்பச் சொன்னாலும், சீருடை போட்டு அனுப்பச் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.